பாலத்துச் சிக்னல்

போனை உள்ள வச்சிருங்க அண்ணாச்சி. எத்தனை தடவை தட்டிப் பாத்தாலும் இப்ப வராது. இடது கைப் பக்கம் இந்தப் பொத்தைக் குன்று தெரியுதுல்ல, இது மறைக்கிற வரைக்கும் ஒருத்தனுக்கும் சிக்னல் கிடையாது. கால்வாய்ப் பாலம் வரணும். அங்கன பொத்தை ரெண்டா பிளந்து கிடக்கும், அந்தச் சந்து வழியா வந்து விழும். பாலத்தைத் தாண்டிட்டா மறுபடியும் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு எந்தக் கம்பெனி? ஆங், எனக்கும் அதேதான். எங்க வீட்டுக்காரிக்கும் அதேதான். எங்க நகர்ல எல்லாருக்குமே அதுதான். மத்த கம்பெனி எல்லாம் பாலத்துல கூட எடுக்காது.

நான் பாலம் தாண்டி அடுத்த ஸ்டாப்பு. வேலாயுத நகர். பேரு குற்றாலிங்கம். மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தவன். யாரு உள்ள வந்தான், யாரு வெளிய போனான், டீ குடிக்கப் போனவன் எப்பத் திரும்பினான், எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் நடக்கும். ரிட்டயர் ஆயும் அந்தப் பழக்கம் போகல. வீட்லயும் வாசலைப் பாத்துத்தான் நாற்காலி போட்டிருக்கேன்.

இந்தா, ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். இனி ரயில் வந்து போற வரைக்கும் பஸ்ஸு இங்கனதான். கல்யாண வீட்டுக்குத்தானே போறிய, மெதுவா போகலாம். எனக்கு இன்னைக்கு அவசரமே இல்ல. அவசரப்பட்டு அவசரப்பட்டு அலுத்துப் போச்சு. இந்தப் பைக்குள்ள என்ன இருக்குன்னு நினைக்கிய? ஆர்டர். செல்போன் டவருக்கு விலக்கு ஆணை. இன்னைக்குத்தான் கையில குடுத்தாவ.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல என் காலி மனை ஒண்ணு கிடக்கு. அதுல டவர் நிறுத்தணும். என் மனைதானே, நான் நிறுத்திக்கிடுதேன்னா முடியாது. குடியிருப்புக்குன்னு அனுமதி வாங்கின மனைப்பிரிவு அது. வீடுதான் கட்டலாம். டவர் நிக்கணும்னா, இந்த மனைக்கு மட்டும் விதியில இருந்து விலக்கு குடுங்கன்னு பிளானிங் ஆபீஸ்ல கேக்கணும். கம்பெனிக்காரன் வந்து இடத்தைப் பாத்தான். ரொம்பப் பிடிச்சிருக்கு சார், ஆனா விலக்கு வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல, நாங்க வேற இடம் பாக்கோம்னான். நீ ஒண்ணும் பாக்காண்டாம், நான் வாங்கித் தாறேன்னு சொல்லிட்டேன். அன்னைக்குப் பிடிச்ச நடை. வரைபடம் சரியில்லன்னா திரும்ப வரையணும். ரோட்டு அகலம் அளக்க ஆள் வரணும். அந்த ஆபீஸ் பெஞ்சுல நான் உக்காந்த இடம் மட்டும் பாலிஷ் போட்டது மாதிரி ஆயிட்டு. அவுக மேல குத்தம் சொல்லல. விதின்னா விதிதான், எனக்குத் தெரியாதா.

வாடகை வரும்னு அலையுதான்னு நகர்ல ரெண்டு பேரு பேசினாவ. பேசட்டும். வாடகைக்கு ஆசைப்பட்டா அந்த மனையில எப்பவோ கடை கட்டிருப்பேன். இதெல்லாம் என் வீட்டுக்காரிக்காகத்தான் அண்ணாச்சி. அவளுக்குத்தான் அது புரியல.

உலகம்மான்னு பேரு. சாயங்காலம் ஆயிட்டா அவளுக்கு வீட்ல இருப்புக் கொள்ளாது. முகத்தைக் கழுவி, பொட்டு வச்சு, போனை எடுத்துக்கிட்டுப் பாலத்துக்குக் கிளம்பிருவா. அவ மட்டும் இல்ல, எங்க தெருப் பொம்பளைங்க பூராப் பேரும். பாலத்துக் கைப்பிடிச் சுவர் இருக்குல்ல, அதுல வரிசையா உக்காந்திருப்பாவ. வீட்ல எடுக்காது, அதனால பாலத்துக்குப் போறோம்ங்கா. நியாயம்தான். எங்க மக பூரணா நாசிக்ல இருக்கா. ஆபீஸ் விட்டு வந்து அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவா.

போயிட்டு விளக்கு வைக்கத் திரும்புவா. என்ன சொன்னா பூரணான்னு கேப்பேன். நல்லா இருக்காளாம்ங்கா. அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பேசிட்டு வந்து நல்லா இருக்காளாம்ங்கா. மாப்பிள்ளைக்கு வேலை மாறினது எனக்கு எப்படித் தெரியும்னு நினைக்கிய? எதுத்த வீட்டு சங்கரவடிவு, அவ புருஷன் சேர்மத்துரைகிட்ட சொல்லி, அவன் என்கிட்ட வந்து, என்ன அண்ணாச்சி, மருமகன் வேற கம்பெனி போயிட்டாராமேன்னு கேட்டுத்தான். எனக்கு எப்படி இருக்கும்? நானும் பெத்தவன்தானே. அன்னைக்கு சோறு இறங்கல எனக்கு.

முன்ன இப்படி இல்ல. லேண்ட்லைன் இருந்தப்ப என் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூல்லதான் போன். யாரு கூப்பிட்டாலும் நான்தான் எடுப்பேன். உலகம்மா பேசும்போது நானும் பக்கத்துல நிப்பேன். அவளுக்குப் பேசத் தெரியாது, பாவம். அதைக் கேளு, இதைச் சொல்லுன்னு எடுத்துக் குடுப்பேன். பேச்சு தேவையில்லாம எங்கேயாவது போச்சுன்னா நானே வாங்கி, சரிம்மா, வச்சிருதேன்னு முடிச்சும் குடுப்பேன். அந்தக் காலத்துல டயலுக்கு ஒரு சின்னப் பூட்டு விப்பான், ஞாபகம் இருக்கா? அதுவும் போட்டிருந்தேன். யாரு வீட்ல போடல? சாவி என் அரைஞாண் கயித்துலதான் கிடக்கும். ஒரு நாள் கூடத் தொலைஞ்சது கிடையாது. வீட்ல என்ன நடக்கு, மக என்ன நினைக்கா, எல்லாம் எனக்குத் தெரியும். அப்ப ஒரு நிம்மதி இருந்துது.

ரோடு போடும்போது அந்தக் கேபிளை வெட்டிட்டான். மறுபடி இழுக்கல. மக வந்திருந்தப்ப அம்மாவுக்குன்னு ஒரு செல்போன் வாங்கிக் குடுத்துட்டுப் போனா. அதுல இருந்துதான் இந்தப் பாலம்.

ஒரு நாள் நானே பாலத்துக்குப் போனேன். எனக்கும் மகளோட பேசணும்னு இருக்காதா? தூரத்துல வரும்போதே சிரிப்புச் சத்தம் கேக்கு. அப்படி ஒரு சிரிப்பு. கிட்டப் போனதும் சத்தம் நின்னு போச்சு. வாங்க அண்ணாச்சின்னா ஒருத்தி. அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்னா ஒருத்தி. ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் போயிட்டாவ. சிக்னல் போயிட்டு போலன்னு நினைச்சுக்கிட்டேன். உலகம்மா போனை என் கையில குடுத்தா. மக, அப்பா சாப்பிட்டியளா, அங்க மழை உண்டான்னு கேட்டா. உண்டுன்னேன். சரிப்பா, அம்மாகிட்ட குடுங்கன்னா. அவளுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

இன்னொண்ணு சொல்லுதேன், நீங்களே சிரிப்பிய. பேச்சியம்மான்னு ஒருத்தி. அவ போன் தண்ணித் தொட்டியில விழுந்து எத்தனையோ மாசம் ஆச்சு. புதுசு வாங்கவே இல்ல. அவளும் தினம் பாலத்துக்குப் போறா. போனே இல்லாதவளுக்குச் சிக்னல் எதுக்குங்கேன்? என் தலைக்கு அது எட்டல.

போன ஐப்பசி மழையில உலகம்மா கால்வாய்க் கரையில வழுக்கி விழுந்துட்டா. கணுக்கால் வீங்கி, கட்டுப் போட்டு, டாக்டர் நடக்கப்படாதுன்னுட்டாரு. ஒரு வாரத்துக்குப் பாலம் கிடையாதுன்னு நானும் சொல்லிட்டேன். மறுநாள் சாயங்காலம் நான் பால் வாங்கிட்டு வந்து பாக்கேன், வீடு திறந்து கிடக்கு, ஆளைக் காணல. கட்டோட, சங்கரவடிவு தோளைப் பிடிச்சுக்கிட்டுப் பாலத்துக்குப் போயிட்டா. எனக்கு மனசு விட்டுப் போச்சு அண்ணாச்சி. இவ இப்படிக் காலை ஒடிச்சுக்கிட்டு அங்க போய் நிக்கணுமா? வீட்டுக்குள்ளயே சிக்னல் கொண்டு வந்துட்டா என்னன்னு அன்னைக்கு வந்த யோசனைதான் இந்த டவர்.

ரயில் போயிட்டு. கேட்டைத் திறந்துட்டான் பாருங்க. இனி கிளம்பிரும்.

விலக்கு கேட்டு மனு போட்டா அக்கம்பக்கத்துக்கு ஆட்சேபணை இருக்கான்னு பாப்பாவ. அதனால வீடு வீடாப் போனேன். சேர்மத்துரை புறா வளக்கான், டவர் வந்தா புறா செத்துரும்னான். புறாக் கூட்டுக்கு எதுத்தாப்புல வராம தள்ளி வைக்கச் சொல்லுதேன்னு சமாதானம் பண்ணினேன். இன்னொருத்தருக்குக் காத்தடிச்சா சாஞ்சு விழுந்துருமோன்னு பயம். அஸ்திவார ஆழத்தைக் கையால காட்டி விளக்கினேன். கதிர்வீச்சுன்னாவ, மூலையில பள்ளிக்கூடம் இருக்குன்னாவ. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியில ஒரு வீடு பாக்கி இல்லாம ஆம்பளைங்க பூராப் பேரும் சம்மதம்னுட்டாவ. தெரு முழுக்க ஒத்துமை. அப்படி ஒரு ஒத்துமை எங்க நகர்ல கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூட வந்தது கிடையாது.

அப்புறம் விசாரணைன்னு ஒரு நாள் வச்சாவ. தண்ணித் தொட்டிக்குக் கீழ நாற்காலி போட்டோம். ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வந்தாவ, சின்ன வயசுதான், நிதானமான ஆளு. மனையை அளந்து பாத்தாவ, எங்க எல்லார்கிட்டயும் கேட்டாவ. ஒருத்தருக்கும் ஆட்சேபணை இல்லன்னு நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது. எந்திரிச்சுப் போகவேண்டியதுதானே அந்த மேடம்? போகல. பின்னால சுவரோரமா நின்ன பொம்பளைங்களைப் பாத்து, நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலியேன்னு கேட்டாவ.

எங்க வீட்டுக்காரி முன்னால வந்தா.

எனக்கு முதல்ல சந்தோஷம்தான். நம்ம பட்ட பாட்டைச் சொல்லப் போறான்னு நினைச்சேன். கணுக்கால் வீங்கினதைச் சொல்லு, சொல்லுன்னு மெதுவா எடுத்துக் குடுக்கேன். அவ என் பக்கம் திரும்பல.

"எங்களுக்கு வேண்டாம்மா" அப்படின்னா.

அந்த மேடம், "ஏம்மா, உடம்புக்கு ஏதும் செய்யும்னு பயமா?"ன்னு கேட்டாவ.

"பயம் ஒண்ணும் இல்லம்மா. எங்களுக்குப் பாலம் போதும்."

அவ்வளவுதான் சொன்னா. ஆம்பளைங்க எல்லாம் சிரிச்சுட்டாவ. எனக்குச் சிரிப்பு வரல. கல்யாணம் ஆனதுல இருந்து நாலு பேர் முன்னால அவ வாயைத் திறந்து நான் பாத்ததில்ல. திறந்தது இதுக்கா? எங்களுக்குங்கா. யாரு அந்த எங்களுக்கு? நானும் அவளும் தானே எங்க வீடு? சங்கரவடிவு கூட முன்னால ஒரு எட்டு வச்சா. சேர்மத்துரை திரும்பிப் பாத்ததும் முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு அங்கனயே நின்னுட்டா.

அந்த மேடம் எழுதப் போனாவ. நான் விட்டா அவ்வளவு நாள் அலைச்சலும் வீணாப் போயிரும். மேடம், இது என் வீட்டுக்காரி, மனு போட்டவன் வீட்டுக்குள்ள இருந்தே ஆட்சேபணை வந்தா அதை அக்கம்பக்கத்து ஆட்சேபணையா எப்படி எடுத்துக்கிட முடியும்னு கேட்டேன். மில்லுல இருந்தவன்ல, விதி எங்க இருக்குன்னு தெரியும். அவுக என்னையும் அவளையும் மாறி மாறிப் பாத்தாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. "நீங்க சொல்றது சரிதான் சார்" அப்படின்னாவ. பேனாவை மூடி வச்சிட்டு, அவகிட்ட, "உங்க பேரு என்னம்மா?"ன்னு கேட்டாவ. எழுதக் கூட இல்ல, சும்மா கேட்டாவ. உலகம்மா பேரைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

அன்னைக்கு வீட்ல போய் யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். ரசம் ஆறுது, சாப்பிடுங்கன்னா. கோவமா இருக்கியான்னேன். இல்லன்னா. கோவம் இருந்தா நான் ஏதாவது செய்யலாம், மன்னிப்புக் கேக்கலாம், பூ வாங்கிட்டு வரலாம். இல்லன்னு சொல்லுதவகிட்ட நான் என்ன செய்ய? அதுல இருந்து இன்னும் சீக்கிரமாவே பாலத்துக்குக் கிளம்பிருதா. நான் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். டி.வி. ஓடும். வீடு கம்முன்னு கிடக்கும். சில நேரம் நானே சத்தமா, உலகம்மா தண்ணி குடுன்னு கூப்பிட்டுப் பாப்பேன், அவ இல்லன்னு தெரிஞ்சே. இதையெல்லாம் யார்கிட்ட சொல்ல? நீங்க வழியில பாத்த ஆளு, அதனால சொல்லுதேன்.

ஆனா எல்லாம் சரியாப் போகும் இனிமே. அவளுக்குன்னு கூடை நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். மெத்தை வச்சது. என் நாற்காலிக்குப் பக்கத்துலயே, பழைய போன் இருந்த ஸ்டூலை எடுத்துட்டு அந்த இடத்துல போட்டிருக்கேன். டவர் நின்னதும் கால் வலிக்காம, கொசு கடிக்காம, ஃபேனுக்குக் கீழ உக்காந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் மகளோட பேசட்டும். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும் எனக்கு. அந்தச் சிரிப்பை ஒரு தடவை வீட்டுக்குள்ள கேக்கணும். இப்போதைக்கு அந்த நாற்காலியில துவைச்ச துணியை மடிச்சு வைக்கா. வைக்கட்டும். இன்னும் பழகல.

ராத்திரி ஆர்டரைக் காட்டினா சந்தோஷப்படுவா. இல்லையா? நீங்களே சொல்லுங்க, ஒரு பொம்பளைக்கு வேற என்ன வேணும்?

அந்தா, பாலம் வந்துட்டு. எதுக்க லாரி வருது, பாலத்துல ஒரு வண்டிதான் போகலாம், நம்ம ஆளு ஓரங்கட்டிட்டான் பாருங்க. உங்க பையில டிங் டிங்ன்னு சத்தம் கேக்கு, மெசேஜ் எல்லாம் வந்து விழுது போல. நான்தான் சொன்னேன்ல.

ஜன்னல் வழியா இப்படிப் பாருங்க. கைப்பிடிச் சுவர்ல உக்காந்திருக்காவல்ல, அந்தா, நீலச் சேலை, அவதான் எங்க வீட்டுக்காரி. பக்கத்துல சங்கரவடிவு. கீழ சம்மணம் போட்டு உக்காந்திருக்கது பேச்சியம்மா, போன் இல்லாதவ. மகளோட பேசி முடிச்சுட்டா போல, போனை மடியில வச்சிருக்கா. பேச்சியம்மா என்னமோ சொல்லுதா பாருங்க, கையை ஆட்டி ஆட்டி. உலகம்மா சிரிக்கா. பாத்தியளா? வாயைக் கூடப் பொத்தல. அப்படியே அண்ணாந்து சிரிக்கா. நான் இவளை இப்படிப் பாத்ததே...

இருங்க, இங்கன இருந்தே ஒரு போன் போட்டுச் சொல்லிருதேன். வீட்டுக்குப் போற வரைக்கும் எதுக்கு வச்சிருக்கணும்? நல்ல செய்திதானே.

ரிங் போகுது.

போனை எடுத்துட்டா. பாக்கா. யாருன்னு பாக்கா.

இந்தா, திருப்பிச் சுவர் மேல கவுத்தி வச்சுட்டா. சங்கரவடிவு என்னமோ கேக்கா. இவ தலையை ஆட்டுதா. மறுபடியும் பேச்சியம்மா பக்கம் திரும்பிட்டா.

இன்னும் ரிங் போகுது அண்ணாச்சி.

கட் ஆயிட்டு.

லாரிச் சத்தத்துல கேட்டிருக்காது. இல்லன்னா சிக்னல் சரியில்ல. ஆமா, சிக்னல்தான். எடுத்துப் பாத்திருக்கா, பேர் விழுந்திருக்காது. இதுக்குத்தான் டவர் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னேன். இப்பப் புரியுதா உங்களுக்கு?

உங்க போன்ல எத்தனை கோடு காட்டுது?

முழுசாவா?

அப்ப உங்க கம்பெனி வேற போலிருக்கு. காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க அண்ணாச்சி, அடுத்த ஸ்டாப்புல நான் இறங்கணும்.